மதுரையில் அரங்கேறிய கேள்விகள்

தமிழ் முஸ்லிம்கள் இயற்றிய நூல்களுள் முழுமையாக நம் கைக்குக் கிடைப்பனவற்றில் காலத்தால் முற்பட்டது ஆயிரம் மசலா. அதிசய புராணம் என்பது அதன் மறுபெயர். வண்ணப் பரிமளப் புலவர் கி.பி. 1572இல் இதனைப் பாடினார் என்றும், நாயக்கர் ஆட்சியிலிருந்த மதுரையில் தமிழ்ப் புலவர் அவையில் இது அரங்கேறியது என்றும் இலக்கிய வரலாற்றாசிரியர் எழுதுவர். இந்நூலின் தொன்மையைப் பெருமையுடன் எடுத்துரைக்கும் நம்மவர் பெரும்பாலும் அத்துடன் அமைந்துவிடுகின்றனர். அதன் வடிவமோ தொன்மையினும் மிகுதியாக எண்ணத்தக்கது. நமக்கு எஞ்சியுள்ள முதற் பெருநூல் வினாவும் விடையுமாகவே நடக்கிறது.

மசலா எனத் தமிழில் வழங்குவது 'மஸ்அலா' என்னும் அரபுச் சொல். கேட்டான் எனப் பொருள்படும் 'ஸஅல' என்பதன் வழிப் பிறந்தது. ஃபிக்ஹு நூல்களில் ஒரு சட்டப் பிரச்சினைக்கும் இதுவே பெயர். யாரோ ஒருவர் கேட்டதனால்தான் அச்சட்டம் ஆராயப்பட்டது என்ற நினைவு அச்சொல்லிலேயே உறைந்துள்ளது. நம் ஊர்களில் ஆலிமிடம் சென்று மார்க்கச் சட்டம் விசாரிப்பதை 'மசலா கேட்பது' என்றே இன்றும் சொல்கிறோம்.

நூலின் கதை எளியது. யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து கேள்விகளை அடுக்குகிறார். விடைகளால் மனநிறைவு பெற்று இஸ்லாத்தைத் தழுவுகிறார். அனஸ் (ரலி) அறிவித்து ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்ற செய்தியில் அவர் கேட்டவை மூன்றே கேள்விகள். அவையே பிற்காலக் கதை மரபில் பெருகின. அரபியில் எழுந்த அந்நூல் 1143இல் இலத்தீனுக்குச் சென்றது. மலாயிலும் ஜாவாவிலும் பரவியது. பாரசீகத்தின் வழியே தமிழுக்கு வந்தது என்பர். ஆயிரம் என்பதும் பெருமை குறித்த எண்ணே. வினா, விடை, வருணனை அனைத்தும் சேர்ந்தும் பாடல்கள் ஆயிரத்தைச் சிறிதே கடக்கின்றன.

பல ஆண்டுகளுக்கு முன் இந்நூலை வகுப்பில் புகழ்ந்துரைத்துக்கொண்டிருந்தோம். ஒரு மாணவர் எழுந்தார். "ஹஜ்ரத், மூன்று எப்படி ஆயிரமாயிற்று? மீதிக்கு ஸனது எங்கே?" என்றார். நாம் "உட்காரும்" என்றோம். உட்கார்ந்தார். அவ்வாண்டு முழுவதும் அவர் வேறெதையும் கேட்கவில்லை. அறிவிப்பாளர் தொடர் இல்லாத செய்தியை ஏற்கலாகாது என்று முந்தைய ஆண்டின் ஹதீஸ் வகுப்பில் அவருக்குக் கற்பித்தவரும் நாமே. கற்பித்ததை அவர் பயன்படுத்தினார். அதற்கே அவரை அமர்த்தினோம். நேர்மையான விடை நான்கு சொற்களில் அடங்கும்: ஸனது இல்லை, இது கதை.

நம் கலைமரபில் கேள்வி இருவகைப்படும். ஒன்று கற்பிக்கும் கேள்வி. ஜிப்ரீல் (அலை) மனித உருவில் வந்து ஈமான், இஸ்லாம், இஹ்ஸான் ஆகியவற்றைக் கேட்டதும், விடைகளை 'உண்மை' என்று உறுதிப்படுத்தியதும் இவ்வகை. ஆயிரம் மசலாவும் இதன் நிழலிலேயே நிற்கிறது. மற்றொன்று சோதிக்கும் கேள்வி. அதற்கெனத் தனிக்கலையே நம்மிடம் உண்டு, முனாளரா என்பர். ஷம்ஸுத்தீன் ஸமர்கந்தி 13ஆம் நூற்றாண்டில் அதற்கு இலக்கணம் வகுத்தார். ஜோன்பூர் அப்துர் ரஷீதின் ரஷீதிய்யா இந்திய மதரஸாக்களில் நெடுங்காலம் பாடநூலாய் இருந்தது.

அக்கலையில் ஒரு கருத்தை நிறுவ வருபவர் முஅல்லில். அவரை எதிர்ப்பவருக்கு எதிரி என்று பெயரில்லை. ஸாயில், அதாவது கேட்பவர் என்பதே பெயர். மஸ்அலா பிறந்த அதே வேர். ஸாயிலுக்கு மூன்று வழிகள் உண்டு. வாதத்தின் ஓர் அடிப்படைக்குச் சான்று கேட்கலாம், இது மன்உ. அதே வாதத்தை ஏற்றால் தவறான முடிவும் வந்துவிடும் எனக் காட்டலாம், இது நக்ளு. மாற்று முடிவுக்குத் தனிச் சான்று தரலாம், இது முஆரளா. ஆனால் முஅல்லில் தம் சான்றைச் சொல்லும் முன்னரே அவருடைய இடத்தைப் பறித்துத் தாமே நிறுவப் புகுந்தால் அது கஸ்ப், அபகரிப்பு, ஏற்கப்படாது. தொலைக்காட்சி விவாதங்களைக் காண்போர் இவ்வொரு விதியின் அருமையை உடனே உணர்வர்.

இவற்றையெல்லாம் நாம் எவ்வாறு கற்றோம் என்பதைச் சொல்லவும் நாணமாயிருக்கிறது. மன்உ, நக்ளு, முஆரளா ஆகியவற்றின் வரைவிலக்கணங்களை மனனம் செய்து ஒப்பித்தோம், மதிப்பெண்ணும் பெற்றோம். ஓதி முடிக்கும் வரை ஒரு தடையேனும் எழுப்பியதில்லை.

இந்நோய் புதிதன்று. இப்னு கல்தூன் (1332–1406) தம் முகத்திமாவில் மேற்கு நாட்டு மாணவரைப் பற்றி வருந்துகிறார். அவர்கள் ஆண்டுக்கணக்கில் சபைகளில் வாய்திறவாது அமர்ந்திருக்கின்றனர். மனனத்தில் மிகுந்த கவனம் செலுத்துகின்றனர். ஆயினும் கலையைக் கையாளும் திறன் வருவதில்லை. மொராக்கோவில் 16 ஆண்டுகள் பயில்வதைத் தூனிஸில் 5 ஆண்டுகளில் முடிப்பதை ஒப்பிட்டு, காரணம் கற்பிக்கும் முறையின் குறையே என்கிறார். நாவைத் திறந்து விவாதிப்பதே திறனுக்கு எளிய வழி என்பது அவர் கண்ட முடிவு.

மதுரைச் சமவெளியில் வாழும் ராவுத்தர் சமுதாயத்தார் பெரும்பாலும் ஹனஃபிகள். அவர்கள் பின்பற்றும் மத்ஹபின் நூல்களைத் திறந்தால் பல இடங்களில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) ஒன்று கூற, அவர்தம் மாணவர் அபூயூசுஃபும் முஹம்மதும் வேறொன்று கூறக் காண்கிறோம். சிலவிடங்களில் மாணவர் கூற்றின்படியே ஃபத்வா வழங்கப்படுகிறது. ஆசிரியரை மறுத்ததற்காக அவர்களை எவரும் அதபு கெட்டவர் என்றதில்லை.

தமிழ் மரபும் இதற்கு அந்நியமன்று. அரங்கேற்றம் என்பது அவையோர் தடை எழுப்ப, நூலாசிரியர் விடை கூறி நிறுவும் நிகழ்ச்சி. நம் ஷரஹு நூல்களில் 'நீ இவ்வாறு கூறின், நான் கூறுவேன்' என்று வரும் நடையும், தமிழ் உரைகளில் 'அற்றன்று' என மறுக்கும் நடையும் உடன்பிறந்தவை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு உரைகண்ட சேனாவரையர் தம் முன்னோரான இளம்பூரணரைத் தயங்காது மறுப்பார். காஜிமார் தெருவிலிருந்து நடந்து சென்றடையும் தொலைவிலுள்ள கோயிலைச் சார்ந்து நக்கீரர் கதை வழங்குகிறது. அதை வரலாறாகக் கொள்ளவேண்டியதில்லை. எனினும், அக்கதையில் நக்கீரர் தண்டனை பெற்றதைவிட அவர் தடை எழுப்பியதையே இவ்வூர் மிகுதியாக நினைவில் வைத்துள்ளது. நன்னூல் மாணாக்கரை வகைப்படுத்துகையில் அன்னத்தையும் பசுவையும் முதலிடத்தில் வைக்கிறது. சொன்னதைச் சொல்லும் கிளிக்கு நடுவிடம்தான்.

பொதுக்கல்வியிலும் முயற்சிகள் நடந்தன. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு மனனத்திலிருந்து விலகுமாறு கூறியது. 2007 முதல் தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் பரவலாயிற்று. ஆயினும் தம் பயிற்சிக் காலத்தில் ஒருமுறையும் கேட்க இடம்பெறாத ஆசிரியர் சுற்றறிக்கையினால் மட்டும் கேட்கவிடுபவர் ஆகிவிட மாட்டார். தெரியாது என்று சொல்லவும் அவருக்கு இடம் வேண்டும். தெரியாதவற்றுக்கு 'லா அத்ரீ' என்று விடையளிக்க இமாம் மாலிக் (ரஹ்) நாணியதில்லை.

சில ஆண்டுகளாக நாம் பாடவேளையின் இறுதிப் பத்து நிமிடங்களை ஸாயிலுக்கு விட்டுவிடுகிறோம். அன்றைய ஸாயில் முதலில் நம் கூற்றைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். நாம் 'ஆம், அதுவே நாம் கூறியது' என்ற பின்னரே எந்த அடிப்படைக்குச் சான்று வேண்டும் எனக் கேட்கலாம். முதலில் ஒருவரும் எழவில்லை. ஆசிரியர் பொறி வைக்கிறாரோ என்று ஐயுற்றனர் போலும். ஆயிரம் மசலா பாடம் வந்தபோது, பழைய மாணவருக்குச் சொல்லாத விடையை வகுப்பின் முன் சொன்னோம்: மூன்றுக்கே ஸனது உண்டு, மற்றவை கதை என்று. பின்வரிசையில் ஒருவர் எழுந்து நம் கூற்றைப் பிழையின்றித் திருப்பிச் சொன்னார். பிறகு, "அந்த மூன்றின் ஸனதை நாங்கள் இன்னும் பார்க்கவில்லையே, ஹஜ்ரத்" என்றார்.

நூலகத்திலிருந்து புகாரியை எடுத்துவரச் சொன்னோம்.