சந்தாவும் சங்கமும்: ஒரு மென்பொருளின் வரலாறு

பலர் கூடி உழைத்து ஆக்கிய பொருளைப் பேணுவதற்கான பணத்தை யார் தருவது? தருகின்றவரே அதனை ஆளவும் செய்யலாமா? மலையகத்தில் வாழும் நமக்கு இக்கேள்விகள் புதியன அல்ல. நாவலப்பிட்டியில் புகைவண்டி ஏறிச் சில நிலையங்களைக் கடந்தால் அட்டன். அங்கேதான் 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். லயன் லயனாகச் சென்று சந்தா தண்டும் சங்கத்தை வைத்துக் கொண்டே நம் பாட்டன்மார் சங்கம் என்றால் என்னவென்று அறிந்தனர். பின்னர் தோட்ட நிருவாகமே சம்பளத்தில் சந்தாவைக் கழித்துச் சங்கத்துக்கு அனுப்பும் முறை வந்தது. பணம் தவறாது சேர்ந்தது உண்மைதான். ஆனால் மாதத்துக்கொரு முறையேனும் தலைவரின் முகத்தைப் பார்த்து, “போன மாதப் பணம் என்னவாயிற்று?” என்று கேட்கும் வாய்ப்புக் குறைந்து போயிற்று என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை.

இந்த அனுபவத்தை மனத்திற் கொண்டே, தோட்டத்துக்கு வெகு தொலைவில் நடந்தது போலத் தோன்றும் ஒரு கதையைச் சொல்ல முற்படுகிறோம்.

1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் கணனி அறிஞர், மென்பொருளை எவரும் பயன்படுத்தவும், ஆராயவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமை வேண்டும் என்று அறிவித்து ஓர் இயக்கத்தைத் தொடக்கினார். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் முதல் வடிவத்தை வெளியிட்டார். கூலி எதிர்பாராத ஆயிரக்கணக்கானோரின் உழைப்பு இதன்மேற் குவிந்தது. இன்று பெருங்கம்பனிகளின் கணனிகளுள் மிகப் பல இவ்வுழைப்பின் மீதே இயங்குகின்றன.

இவ்வியக்கத்தில் இலங்கைக்கும் ஓர் இடமுண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி, இந்நாட்டில் மட்டும் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டு போயிற்று. நிவாரணம் பல நாடுகளிலிருந்தும் வந்தது. ஆனால் காணாமற் போனவர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த நிறுவனம் எந்த ஊரில் நிற்கிறது, எங்கே மருந்து தேவை, எங்கே உடை தேவைக்கு மிஞ்சிக் கிடக்கிறது என்பவற்றை ஒன்றுசேர்த்துக் கூறும் ஏடு எவரிடமும் இல்லை. கொழும்பிலிருந்த இளம் மென்பொருளாளர்கள் தம் தொழிலை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்த ஏட்டைக் கணனியில் ஆக்க அமர்ந்தனர். அவர்கள் ஆக்கியதன் பெயர் ‘சஹன’. சிங்களத்தில் நிவாரணம் என்பது அதன் பொருள். அரசாங்கத்தின் தேசிய செயற்பாட்டு நிலையத்திலும் அது பயன்படுத்தப்பட்டது.

அவசரத்தில் உழைப்பவர்கள் ஆள்வது யாரென்று கேட்பதில்லை, கேட்கவும் நேரமில்லை. வெள்ளம் வடிந்த பின்னரே கேள்வி எழுகிறது. தொண்டர்கள் தத்தம் வேலைக்குத் திரும்பினர். ஆனால் மென்பொருள் என்பது ஒரு முறை கட்டிவிட்டு விட்டுப்போகும் பாலமன்று. நாள்தோறும் பழுது பார்க்கப்பட வேண்டியது. 2003இல் நிறுவப்பட்ட லங்கா மென்பொருள் நிறுவகம் அப்பொறுப்பை ஏற்றது. சுவீடன் அரசின் உதவி நிறுவனம் பணம் தந்தது. அதனால் சிலர் ஊதியம் பெற்று, முழு நேரமாக அதனைத் திருத்தி எழுத முடிந்தது. 2005இல் பாகிஸ்தானின் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸின் மண்சரிவிலும் அது மக்களுக்குப் பயன்பட்டது. ஸ்டால்மனின் கட்டற்ற மென்பொருள் நிறுவனம் அவ்வாண்டுக்கான சமூகப் பயன் விருதை அதற்கு வழங்கியது.

எனினும் உதவிப் பணம் திட்டத்துக்கென வருவது. திட்டம் முடிந்தால் அதுவும் முடியும். 2009இல் சஹனவுக்கெனத் தனி நிறுவனம் ஒன்று பதிவு செய்யப்பட்டது. அது பதிவானது கொழும்பில் அன்று, கலிபோர்னியாவில். இதனை யாரும் திருடியதாகக் கூற முடியாது. உரிமம் திறந்தது, இன்றும் எவரும் எடுத்தாளலாம். உலகெங்கும் பரவிய பணிக்கு உலகெங்கும் பணம் திரட்டும் வசதி வேண்டியதே. 2010இல் ஹெயிட்டி நிலநடுங்கியபோது அந்த வசதி பயன்பட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் கடல் அடித்த கரையில் பிறந்த ஒரு பொதுச்சொத்தின் பெயர் மட்டும் சிங்களமாக நிற்க, முடிவெடுக்கும் மேசை பணம் இருக்கும் நாட்டுக்குப் பெயர்ந்தது நமக்கு உறுத்துகிறது. தேயிலையின் கதையை அறிந்தவர்களுக்கு உறுத்தாமல் இருக்குமா?

பணமே வேண்டாம் என்போர்க்கும் விடையுண்டு. உலகின் வங்கிகளும் கடைகளும் இரகசியம் காக்க நம்பியிருந்த ‘ஓப்பன் எஸ்எஸ்எல்’ என்னும் மென்பொருளுக்கு ஆண்டுதோறும் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டொலர். முழு நேரமாக அதிற் பணி செய்தவர் ஒருவரே. 2014இல் அதிற் பெரும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்ட பின்னர்தான் கம்பனிகள் பணப்பையைத் திறந்தன. 2024இல் ‘எக்ஸ்இஸட்’ என்னும் சிறு மென்பொருளைத் தனித்துப் பேணிச் சோர்ந்திருந்த தொண்டரிடம், உதவுவது போல் வந்த ஒருவர் ஈராண்டு பழகி நம்பிக்கை பெற்று, கள்ளக் கதவொன்றை அதனுள் வைத்துவிட்டார். ஊதியமில்லா உழைப்பின் களைப்பே அவருக்கு வழி திறந்தது.

ஆளும் முறையிலும் இரு பாதைகள் தெரிகின்றன. 1999இல் அமைந்த அப்பாச்சி நிறுவனத்தில் கம்பனி உறுப்பினராக முடியாது; உழைத்துத் தகுதி பெற்ற தனியாள் மட்டுமே உறுப்பினர், ஆளுக்கு ஒரு வாக்கு. கம்பனி பணம் தரலாம். அதற்காக நாற்காலி கிடையாது. லினக்ஸ் நிறுவனத்திலோ பெருந்தொகை செலுத்தும் கம்பனிகளுக்கு ஆளுஞ்சபையில் இடமுண்டு. சிறு சந்தா செலுத்திய தனியாட்கள் தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அது 2016இல் நீக்கியது.

நம் மொழியிலேயே இன்னொரு முயற்சி, கடல் பொங்கிய அதே காலத்தில், 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உருவாயிற்று. ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் கணனியில் ஏற்றிக் காக்கும் ‘நூலகம்’ அது. தொண்டர் உழைப்பிலும், உள்ளூரிலும் புலம்பெயர் நாடுகளிலும் வாழும் தமிழரின் நன்கொடையிலும் அது வளர்ந்தது. மலையகத்து ஏடுகளும் அதிற் சேர்ந்துள்ளன. அந்த ஏடுகளைப் படிக்கும் நம் மாணவர்கள் அதே நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளையும் ஒரு முறை எடுத்துப் பார்க்கட்டும். சந்தா தண்ட வந்தவரிடம் பாட்டன்மார் கேட்ட அதே கேள்வியை அங்கும் கேட்கலாம்.