நிக்கோசியாவின் பெரிய சத்திரம்

சைப்பிரஸின் தலைநகர் நிக்கோசியாவில், மதில் சூழ்ந்த பழைய நகரின் வடபாதியில் 'பியூயூக் ஹான்' நிற்கிறது. துருக்கிய மொழியில் இதற்குப் 'பெரிய சத்திரம்' என்று பொருள். 1570இல் நகரம் வெனிஸ்காரரிடமிருந்து ஒட்டோமான்களின் கைக்குப் போனது. இரண்டு ஆண்டுகளில், 1572இல், தீவின் முதல் ஒட்டோமான் ஆளுநர் முசாபர் பாஷா இதைக் கட்டுவித்தார். முதலில் 'அலன்யாக்காரர் சத்திரம்' என்றுதான் பெயர். அலன்யா எதிர்க்கரையிலுள்ள துறைமுகம். 17ஆம் நூற்றாண்டில் அருகே சிறியதொரு சத்திரம் எழுந்த பின்னரே இது 'பெரிய' சத்திரமானது.

நடுவே சதுர முற்றம். முற்றத்தின் மத்தியில் தூண்களின்மேல் ஒரு சின்னப் பள்ளிவாசல், அதன் கீழே தொழுகைக்கு முன் கைகால் கழுவும் நீர்த்தொட்டி. சுற்றிவர, மேலும் கீழுமாக 68 அறைகள். கீழே சரக்கும் மிருகங்களும், மேலே பயணிகள். அவர்கள் குளிர்காய அறைகளில் அடுப்பும் புகைபோக்கியும் இருந்தன. கணக்காளராகிய நமது கண்ணில் முதலில் படுவதோ தெருவைப் பார்த்த வெளிப்புறக் கடைகள்தான். பயணிகள் குறைந்த மாதத்திலும் கடைவாடகை வரும் அல்லவா!

1878இல் தீவு பிரித்தானியரின் நிர்வாகத்துக்கு வந்தது. அவர்கள் சத்திரத்தைச் சிறைச்சாலையாக்கினார்கள். தடித்த கற்சுவர், இரண்டே வாயில்கள். பெரிதாக மாற்ற வேண்டியிருந்திராது என்பது நமது ஊகம். 1903இல் மறுபடி சத்திரமானது. 1947 முதல் 1962 வரை வசதியற்ற குடும்பங்கள் இங்கே குடியிருந்தன.

இந்தப் பதினைந்து ஆண்டுகளை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவதே வழக்கம். முகாமில் ஒரே அறையில் சமைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, விருந்தாளி வந்தால் பாயைச் சுருட்டி இடம் கொடுத்த நமக்கு அந்த வரியைச் சும்மா கடந்துபோக முடியவில்லை. ஓரிரவு தங்கும் வழிப்போக்கனுக்காகக் கட்டிய அறையில் ஆண்டுக்கணக்காகக் குடித்தனம் நடந்திருக்கிறது. பாஷாவின் பெயர் நிலைத்துவிட்டது. அந்தத் தாய்மாரின் பெயர்களை யார் எழுதிவைத்தார்கள்?

1974இல் தீவு பிளவுண்டபோது சத்திரம் துருக்கியர் பக்கத்தில் நின்றது. 1990களில் பெரிய திருத்தவேலை நடந்தது. இப்போது அறைகளில் கைவினைக் கடைகளும் ஓவியக்கூடங்களும் இருக்கின்றன. 2008இல் லெட்ரா வீதிக் கடவை திறந்தது. அங்கிருந்து சில நிமிட நடை. தெற்கிலுள்ள கிரேக்கச் சைப்பிரியர்கள் கடவையில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு வந்து, இந்த முற்றத்தில் கோப்பி குடிக்கிறார்கள்.