கண்ணில் படாத வேலை: ஹிஸ்பா வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

நாம் பணியாற்றும் மதரஸாவில் பிள்ளைகளை ஏற்றிவரும் டீசல் வேன் ஒன்று உண்டு. சென்ற மாதம் அதற்கு என்ஜின் ஆயில் மாற்ற வேண்டியிருந்தது. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் ஊரில் இல்லாததால், அரை மணி நேரத்தில் ஆயில் மாற்றித் தரும் சாலையோரக் கடை ஒன்றில் வண்டியை விட்டோம். வேலை நடக்கும் இடத்திற்குள் வர வேண்டாம் என்றார்கள். வெளியே நாற்காலியில் அமர்ந்திருந்தோம். ஆயில், ஃபில்டர், கூலி மூன்றுக்கும் சேர்த்து ரசீது தந்தார்கள். மூன்றாம் நாள் அளவுக் குச்சியை உருவிப் பார்த்தபோது ஆயில் கன்னங்கரேலென்று இருந்தது. பழைய ஆயிலையே விட்டுவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று முடிவு கட்டினோம். அன்று ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் நின்ற மூவரிடம், கடையின் பெயரைக் குறிப்பிட்டே அதைச் சொல்லியும் விட்டோம்.

பணம் கொடுத்தவரின் கண்ணில் படாமல் நடக்கும் வேலையைப் பற்றிய ஐயம் மோட்டார் வாகனத்தோடு பிறந்ததன்று. துணியைச் சாயக்காரரிடமும் பொன்னைத் தட்டாரிடமும் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். நம் முன்னோர் இந்த ஐயத்தை வெறும் மனக்குறையாக விட்டுவிடவில்லை. அதற்கென்று ஒரு பதவியையே ஏற்படுத்தினார்கள். சந்தையைக் கண்காணிக்கும் அப்பணிக்கு ஹிஸ்பா என்றும், அதைச் செய்பவருக்கு முஹ்தஸிப் என்றும் பெயர்.

ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) பக்தாதில் மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள், ‘அல்அஹ்காமுஸ் சுல்தானிய்யா’ என்னும் நூலில் முஹ்தஸிப் கவனிக்க வேண்டிய தொழிலாளரை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். முதல் வகையினரிடம் வேலை நிறைவாகச் செய்யப்பட்டதா, குறை வைக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். இரண்டாம் வகையினரிடம் நாணயமா, மோசடியா என்று பார்க்க வேண்டும்; தட்டார், நெசவாளர், வண்ணார், சாயக்காரர் ஆகியோர் இதில் அடங்குவர், ஏனெனில் மக்களின் பொருள் அவர்கள் கையில் தங்குகிறது. மூன்றாம் வகையில் வேலையின் தரமே கேள்வி. முதல் வகைக்கு அவர்கள் தரும் உதாரணம் மருத்துவரும் ஆசிரியரும் ஆவர். பிறருடைய வேலையைச் சந்தேகிக்கப் புறப்பட்ட நாம் நம் பெயரையே பட்டியலின் தலையில் கண்டோம். சிறு வயதில் ஆசிரியர் பதித்துவிட்டதைப் பெரியவரான பின் மாற்றுவது கடினம் என்பது அவர்கள் கூறும் காரணம். கெட்டுப்போன என்ஜினையாவது பிரித்துப் பார்க்கலாம்.

ஹிஜ்ரி 6ஆம் நூற்றாண்டில் ஷாம் நாட்டில் வாழ்ந்த ஷைஸரீ (ரஹ்) என்பவர் முஹ்தஸிபுக்காகவே ஒரு கையேடு எழுதினார். பெயர் ‘நிஹாயதுர் ருத்பா’. தத்துவம் அதில் குறைவு, கடைத்தெருவே நிறைந்திருக்கிறது. மஞ்சிட்டி வேரில் போட வேண்டிய சிவப்புச் சாயத்தைச் சிலர் மருதாணியில் போட்டுவிடுவார்களாம். கடையில் பளபளக்கும், வெயில் பட்டதும் மங்கிவிடும். துணிகள் மாறிப் போகாமலிருக்க உரிமையாளரின் பெயரை அவற்றில் மையால் எழுத வேண்டும் என்கிறார். பட்டு போன்ற விலையுயர்ந்த துணியைத் தையற்காரர் எடைபோட்டே வாங்க வேண்டும், தைத்தபின் அதே எடைக்குத் திருப்பித் தர வேண்டும். இந்த ஏற்பாட்டையும் வென்றவர்கள் இருந்தார்கள்: ஆடையின் விளிம்பு மடிப்புக்குள் மணலையும் பசையையும் திணித்து, அந்த எடை அளவுக்குத் துணியை எடுத்துக்கொள்வார்கள். மருந்துக் கலப்படம் பற்றி எழுதும்போது மட்டும் சிலவற்றைச் சொல்லாமல் நிறுத்திக்கொள்கிறார். மார்க்கப் பற்றில்லாத எவரும் அதைப் படித்துக் கற்றுக்கொள்வாரோ என்ற அச்சமே காரணம்.

இத்தனை தொழில்களின் சூட்சுமத்தையும் ஒரே மனிதர் அறிய முடியாது என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். எனவே ஒவ்வொரு தொழிலுக்கும் அத்தொழிலாளருக்குள்ளிருந்தே நேர்மையும் அனுபவமும் உள்ள ஒருவரை ‘அரீஃப்’ என நியமிக்கச் சொல்கிறார். எது மோசடி, எது வேலையின் இயல்பு என்பது உள்ளிருப்பவருக்கே தெரியும்.

இனி ஃபிக்ஹின் பக்கம் வருவோம். பலருக்கும் பொதுவாகக் கூலிக்கு வேலை செய்பவரை நூல்கள் ‘அஜீர் முஷ்தரக்’ என்கின்றன. வண்ணாரும் தையற்காரரும் அவ்வாறே. ஆயில் கடைக்காரரும் அவ்வாறே. அவர் கையில் பொருள் கெட்டால் ஈடு தருவது யார்? அலீ (ரலி) அவர்கள் இத்தகையோரைப் பொறுப்பாக்கினார்கள் என்றும், அவ்வாறன்றி மக்களின் காரியம் சீராகாது எனக் கருதினார்கள் என்றும் அறிவிக்கப்படுகிறது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் அப்பொருள் அமானிதம். தொழிலாளரின் செயலால் அல்லாமல் அது அழிந்தால் அவர் மீது ஈடு இல்லை. அவர்களுடைய மாணவர்கள் அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரும் இதில் ஆசிரியருடன் உடன்படவில்லை. பெருந்தீ போன்ற தவிர்க்க இயலாத காரணம் இருந்தாலொழிய அவர் ஈடு தர வேண்டும் என்றார்கள்.

நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் இதையொட்டிச் சுவையான செய்தி ஒன்று உண்டு. கூலித் தொழிலாளர் மீது ஈட்டுப் பொறுப்பு இல்லை என்பதே இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்தாக இருந்தது. ஆயினும் கெட்ட தொழிலாளருக்கு அஞ்சி அதை அவர்கள் வெளிப்படையாகச் சொல்வதில்லை என்று அவர்களின் மாணவர் ரபீஃ (ரஹ்) அறிவிக்கிறார். சட்டம் ஒன்றாகவும் கடைத்தெரு வேறாகவும் இருப்பதை அந்த மேதை நன்கறிந்திருந்தார்கள் போலும்.

இவற்றையெல்லாம் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் நம் தவறு உறைத்தது. தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்து ஈரத்தைக் கண்ட நிகழ்ச்சியை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நடத்துகிறோம். முதலில் கை உள்ளே சென்றது. பிறகு, இது என்ன என்று வியாபாரியிடம் கேட்டார்கள். மழையில் நனைந்தது என்ற பதிலையும் செவிமடுத்தார்கள். கண்டிப்பு அதன் பின்னரே வந்தது. நாமோ குச்சியைப் பார்த்த கையோடு தீர்ப்பையே சொல்லிவிட்டோம். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள், நம்மிடம் ஓதும் பிள்ளை ஒருவரின் தந்தை, இருபது ஆண்டுகளாக மெக்கானிக் வேலை செய்பவர், அவரை அழைத்து வந்தோம். நமக்கு அவரே அரீஃப்.

“டீசல் வண்டியில் புது ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும், ஹஜ்ரத். புகைக்கரி அதில் கலந்துவிடும். நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது” என்றார். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஆயில் இறக்கும் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட புதுத் தடம் இருந்தது. அதன் செம்பு வாஷரும் புதிது. ஆயில் மாற்றப்பட்டுத்தான் இருந்தது. அடுத்து ஃபில்டரைத் துணியால் துடைத்தார். தூசிக்கு அடியில் மார்க்கர் பேனாவால் எழுதிய கிலோமீட்டர் எண்ணும் தேதியும் தெரிந்தன. சென்ற முறை ஃபில்டர் மாட்டிய நம் வழக்கமான மெக்கானிக்கின் கையெழுத்து அது.

ஆக, நாம் சந்தேகித்தது நடக்கவில்லை. நாம் நினைத்தே பாராதது நடந்திருந்தது. துணியில் பெயர் எழுதச் சொன்ன ஷைஸரீயை அப்போது நினைத்துக்கொண்டோம்.

ரசீதோடு கடைக்குச் சென்றோம். இம்முறை குரலை உயர்த்தவில்லை. இது என்ன என்று மட்டும் கேட்டோம். உரிமையாளர் குனிந்து அந்த எண்ணைப் பார்த்தார். வேலை செய்த பையனை அழைத்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். மறந்தானா, மறைத்தானா என்று நாம் துருவவில்லை. புது ஃபில்டரை நம் கண்ணெதிரே மாட்டி, குறைந்த அளவுக்கு ஆயிலும் ஊற்றித் தந்தார்கள். அதன் மேல் தேதியை நாமே எழுதினோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை முற்றத்தில் அம்மூவரையும் தேடினோம். இருவர் கிடைத்தார்கள், ஆயில் மாற்றவில்லை என்று நாம் சொன்னது தவறு என்றோம். மூன்றாமவர் வெளியூர் போயிருந்தார். அவர் அதற்குள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ என்ற எண்ணத்துடனே அவருடைய தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டு வந்தோம்.