வாழும் எழுத்தாளரும் கலைக்களஞ்சியப் பதிவும்

மறைந்த புலவரைப் பற்றி எழுதுகையில் இல்லாத சிக்கல் ஒன்று, வாழும் எழுத்தாளரைப் பற்றிக் கலைக்களஞ்சியப் பதிவு எழுதுவோர்க்கு உண்டு. பிழை நேர்ந்தால் திருத்தம் கேட்பதற்கும், உண்மையே ஆயினும் அது வெளியானதால் இன்னலுறுவதற்கும் ஒருவர் உயிரோடு இருக்கிறார். ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி (1910) பெரும்பாலும் புராண மாந்தரையும் பழம்புலவரையும் பற்றியது. ஆதலின் இச்சிக்கல் அதனை மிகுதியும் தொடவில்லை. இலண்டனில் 1885 முதல் 1900 வரை 63 தொகுதிகளாக வெளிவந்த 'டிக்‌ஷனரி ஆஃப் நேஷனல் பயாகிரபி' வாழ்வோரை அறவே விலக்கியது. அங்கேயே 1897இல் புதுவடிவம் பெற்ற 'ஹூஸ் ஹூ' ஆண்டுநூலோ வாழ்வோரிடமே விவரம் கேட்டுப் பெற்று வெளியிட்டது. தம்மைப் பற்றித் தாமே எழுதித் தருவோர் எதைக் கூட்டுவர், எதைக் குறைப்பர் என்பதை விளக்க வேண்டியதில்லை. எனினும் எதைச் சொல்லாமல் விடுவது என்னும் உரிமை அவர்களிடமே இருந்தது.

1954இல் நிறுவப்பெற்ற சாகித்திய அகாதெமி, இந்திய எழுத்தாளர்களுக்கான 'ஹூஸ் ஹூ' நூலை 1961இல் வெளியிட்டது. 1999இல் வந்த இரு தொகுதிப் பதிப்பில் பிறந்த நாள், தாய்மொழி, நூற்பட்டியல் ஆகியவற்றோடு அஞ்சல் முகவரியும் இடம்பெற்றது. எழுத்தாளருக்கு வாசகர் அஞ்சலட்டை எழுதிய காலத்தில் அது இயல்பான செய்தியே. நூலகத்தின் மேற்கோள் பகுதியில் உறங்கிய அதே முகவரி, எவரும் நொடியில் தேடியெடுக்கும் இணையத்துக்கு வரும்போது வேறு பொருள் பெற்றுவிடுகிறது. செய்தி மாறவில்லை, அது சென்றடையும் கூட்டமே மாறியது.

இணையக் கலைக்களஞ்சியம் வாழ்வோரை விலக்கவும் இல்லை, அவர் சொல்லை அப்படியே ஏற்கவும் இல்லை. இதன் விளைவை அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத் 2012இல் எதிர்கொண்டார். அவருடைய 'தி ஹியூமன் ஸ்டெயின்' (2000) நாவலின் தலைமை மாந்தர் கோல்மன் சில்க், தம் கறுப்பின மூலத்தை மறைத்து வெள்ளையராக வாழும் பேராசிரியர். திறனாய்வாளர் அனடோல் பிராயர்டின் வாழ்க்கையே இப்பாத்திரத்திற்குத் தூண்டுதல் என்னும் கருத்து விக்கிப்பீடியாவில் இடம்பெற்றிருந்தது. அதனை நீக்குமாறு ராத் தம் சார்பாளர் வழி வேண்டினார். ஆசிரியரே தம் படைப்புக்குத் தலைசிறந்த சான்று என்பதை ஒப்புக்கொண்ட நிருவாகி, எனினும் பிற வெளியீட்டுச் சான்று தேவை என விடையளித்தார். ராத் 'நியூயார்க்கர்' இதழின் இணையப் பக்கத்தில் திறந்த மடல் ஒன்றை வெளியிட்டு, தம் நண்பர் மெல்வின் டியூமினுக்குப் பிரின்ஸ்டனில் நேர்ந்த நிகழ்ச்சியே கதையின் வித்து என விளக்கினார். அம்மடல் அச்சானதும் அதுவே சான்றாகிப் பதிவில் ஏறியது. தம் நூலைப் பற்றித் தாம் சொன்னதை ஏற்கச் செய்ய, ஓர் இதழின் துணை அவருக்குத் தேவைப்பட்டது.

இதனை நகைப்புக்குரியதாகக் கொள்வோர் உளர். ஆயினும் நிருவாகியின் நிலைப்பாட்டை எளிதில் தள்ளிவிட இயலாது. பிராயர்டின் சாயலைத் திறனாய்வாளர் கண்டனர் என்பது வரலாற்றுச் செய்தி. ஆசிரியர் மறுப்பதால் அவ்வாசிப்பு நிகழாததாகிவிடாது. ஆசிரியர் மறுப்பையும் அருகே வைப்பதே நடுநிலை. படைப்பின் பொருளைச் சொல்வதில் ஆசிரியர் பல சாட்சிகளுள் ஒருவர். ஆனால் தம் இல்லறம், உடல்நலம், பிறப்பு குறித்து அவர் காக்கும் மௌனத்தை இவ்வளவுகோலால் அளத்தல் பொருந்தாது. ஆய்வுலகம் இவ்விரண்டையும் கலந்துவிடுவதே குழப்பத்தின் வேர்.

இங்குப் பிராயர்டின் கதையே தக்க சான்று. தம் கறுப்பின மூலத்தைப் பொதுவில் பேசாதிருந்த அவர் 1990இல் மறைந்தார். 1996இல் ஹென்றி லூயி கேட்ஸ் அதனை விரிவாக எழுதினார். கறுப்பின எழுத்தாளர் என்னும் அடைமொழியின்றி எழுத்தாளராக மட்டும் அறியப்பட வேண்டும் என்பதே பிராயர்டின் விருப்பம் என்பது அக்கட்டுரையின் மையம். அடைமொழி சிறு செய்தியன்று. 2013இல் விக்கிப்பீடியாவில் அமெரிக்கப் பெண் நாவலாசிரியர்கள் பொது நாவலாசிரியர் பகுப்பிலிருந்து தனிப் பகுப்புக்கு மாற்றப்படுவதை அமாண்டா பிலிபாச்சி சுட்டிக்காட்டியபோது பெரும் விவாதம் எழுந்தது. தமிழில் இவ்விடத்தைச் சாதி பிடித்துக்கொள்கிறது. பாமா 'கருக்கு' (1992) நூலில் தம் வாழ்வைத் தாமே எழுதினார். அதனைப் பதிவு செய்வதில் தடையில்லை. தலித் எழுத்தாளர் என்னும் அடையாளத்தை ஏற்க மறுத்த இமையத்தின் பதிவில் அச்சொல்லைத் தொகுப்பாளர் தம் கூற்றாக முதல் வரியில் இடுவது முறையன்று. பிறர் அவ்வாறு வகைப்படுத்தினர், அவர் மறுத்தார் என எழுதலாம். ஓரிரு சொற்கள் கூடும், அவ்வளவே.

இந்தியச் சட்டத்தில் இவ்வேறுபாட்டிற்கு இடமுண்டு. 'நக்கீரன்' இதழ் ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட முனைந்ததையொட்டி எழுந்த ராஜகோபால் வழக்கில் 1994இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தம்முடைய, தம் குடும்பத்தினுடைய, மணம், மகப்பேறு, கல்வி முதலியவற்றினுடைய அந்தரங்கத்தைக் காக்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு எனவும், பொது ஆவணத்தில் உள்ளதை வெளியிடுவதற்குப் பொதுவாகத் தடையில்லை எனவும் அத்தீர்ப்பு கூறியது. தாமே விரும்பி விவாதத்திற்குள் வருவோர் நிலை வேறு என்றும் அது குறித்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017இல் உறுதிசெய்தது.

புனைபெயர் இவ்வெல்லைக்கோட்டின் மேலேயே நிற்பது. 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' (2000) தொகுப்பின் கவிஞர் சல்மா, குடும்பத்தார்க்குத் தெரியாமல் எழுதுவதற்காகவே அப்பெயரை மேற்கொண்டார். இயற்பெயர், ஊர், மணவாழ்வு ஆகியவற்றை நிரப்பிய முழுமையான பதிவொன்றை அவ்வாண்டிலேயே எவரேனும் எழுதியிருப்பின், நூலடைவு முறைப்படி அது குறையற்றதாகவே கருதப்பட்டிருக்கும். அவர் கவிதை எழுதும் வழியை அது அடைத்திருக்கவும் கூடும். 2001 உள்ளாட்சித் தேர்தலில் வென்று பொதுவாழ்வுக்கு வந்த பின்னர் அவரே நேர்காணல்களில் பேசினார்; 2013இல் கிம் லாங்கினாட்டோ இயக்கிய ஆவணப்படத்திலும் தம் கதையைச் சொன்னார். இன்று எழுதப்படும் பதிவில் அச்செய்திகள், அவர் சொன்ன ஆண்டுக் குறிப்புடன் இடம்பெறலாம்.