சங்கிலி போன வழி

சந்தையில் மாட்டுச் சங்கிலி வாங்குகிறவரிடம் எந்த மாட்டுக்கு என்று கடைக்காரர் கேட்பதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவருக்கு மனம் பிசகினால் முதலில் கோடாங்கி, அதற்கும் அடங்காவிட்டால் ஏர்வாடி தர்கா என்பது பழைய வழக்கம். தேனி, மதுரை, ராமநாதபுரம், கீழக்கரை என்று பஸ் மாறி மாறிப் போகும்போது சங்கிலியும் கூடப் போகும்.

2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள்.

பாரிஸின் பிசெத்ர் மருத்துவமனையில் 1797-லேயே மனநோயாளிகளின் சங்கிலியைக் கழற்றியவர் புசேன். பெயர் என்னவோ டாக்டர் பினேலுக்குப் போய்விட்டது. புசேன் டாக்டரே இல்லை. கண்டமாலை நோயோடு அங்கே சேர்ந்து, குணமாகி, அங்கேயே வேலைக்கு அமர்ந்தவர். குணமான நோயாளிகளையே வார்டு வேலைக்கும் எடுத்தார்.

அமெரிக்காவில் கிளிஃபோர்ட் பியர்ஸும் அந்த ரகம்தான். மனநலக் காப்பகங்களில் அடைபட்டுக் கிடந்து மீண்டவர், 1909-ல் ஓர் அமைப்பு தொடங்கினார். அந்த அமைப்பு பழைய காப்பகங்களின் சங்கிலிகளையும் விலங்குகளையும் சேர்த்து, 1953-ல் பால்டிமோரில் உருக்கி மணியாக வார்த்தது. எடை சுமார் 136 கிலோ. இன்று மாசசூசெட்ஸில் ‘அஃபியா’ என்றொரு வீடு இருக்கிறது. 2012-ல் திறந்தது. மனம் உடைந்த நிலையில் இருப்பவர் ஏழு இரவு வரை தங்கலாம். நடத்துகிறவர்களும் அந்தப் பாதாளத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களே. யாரையும் கட்டாயப்படுத்திச் சேர்ப்பதில்லை.

அமெரிக்காதான் வழிகாட்ட வேண்டும் என்றில்லை. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் மனநோயோடு வந்து தங்கிய 31 பேரை டாக்டர் ரகுராம் குழு ஆராய்ந்து, ஏர்வாடித் தீக்கு மறுவருடம் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியது. தனிச் சடங்கு எதுவுமில்லை. கூட்டிவந்த உறவினரோடு தங்கி, கோயிலைக் கூட்டினார்கள், செடிக்குத் தண்ணீர் விட்டார்கள். சராசரி ஆறு வாரத்தில் நோய்க்குறிகள் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தன. சாமி காரணமா, சோறும் துணையும் காரணமா என்று கேட்டால், நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-வது பிரிவு சங்கிலியை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. தனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கும் உரிமையை 5-வது பிரிவு தருகிறது. மாத்திரையும் ஆஸ்பத்திரியும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேனிப் பக்கம் அடுத்த மனநல மையம் திறக்கும்போது, குணமாகி வந்த இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வையுங்கள். வாசலில் உட்கார அல்ல, பொறுப்பில்.