திறமையா, வாய்ப்பா? தமிழ்நாட்டில் சீட்டாட்டமும் சட்டமும்

சீட்டாட்டம் திறமையால் வெல்லப்படுவதா, வாய்ப்பால் வெல்லப்படுவதா என்ற கேள்வி தமிழ்நாட்டில் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக நீதிமன்றங்களில் எழுந்து வருகிறது. இந்த ஒரு கேள்விக்கான விடையைப் பொறுத்தே ஒரு மனமகிழ் மன்றம் நடக்கலாமா, மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் குற்றவாளிகளா, கைப்பேசியில் ஆடப்படும் ரம்மியைத் தடை செய்யலாமா என்பன முடிவாயின. சென்னையின் மன்றங்களையும், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி போன்ற தோல் தொழில் ஊர்களையும் ஒருசேரத் தொட்ட வரலாறு இது.

சீட்டு வந்த வழி

சூது தமிழர்க்குப் பழையது. திருக்குறளின் 94ஆம் அதிகாரம் முழுவதும் சூதைப் பற்றியது. ஆனால் அங்கே பேசப்படுவது கவறு, அதாவது தாயக்கட்டை, சீட்டு அன்று. சீட்டு பிற்காலத்தில் வந்தது. முகலாயர் காலத்தில் கஞ்சிபா என்னும் வட்டச் சீட்டுகள் இந்தியாவில் பரவின. எட்டு இனங்களில் 96 சீட்டுகள் கொண்ட கட்டு ஒரு வகை. பத்து அவதாரங்களை இனங்களாகக் கொண்டு 120 சீட்டுகளில் அமைந்த தசாவதாரக் கட்டு மற்றொரு வகை.

இன்று புழங்கும் 52 சீட்டுக் கட்டு ஐரோப்பியர் வழியாக வந்தது. இஸ்பேட், ஆர்ட்டின், டைமன், கிளாவர் என்று தமிழில் வழங்கும் பெயர்களே அதற்குச் சான்று. இந்தக் கட்டைக் கொண்டு ஆடப்படும் ஆட்டங்கள் இரு வகைப்படும். உள்ளே வெளியே என்றும் அழைக்கப்படும் மங்காத்தாவில் ஆடுபவர் செய்ய வேண்டியது பணத்தை வைப்பது மட்டுமே. சீட்டு எந்தப் பக்கம் விழுகிறது என்பதே முடிவு. ரம்மியில் நிலை வேறு. கையில் வரும் 13 சீட்டுகளில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது, எதிராளி எடுத்த சீட்டு எதைக் காட்டுகிறது என்று ஒவ்வொரு சுற்றிலும் முடிவெடுக்க வேண்டும். சட்டம் இந்த வேறுபாட்டில்தான் காலூன்றியது.

1888, 1930: இரண்டு சட்டங்கள்

சென்னை நகரத்தில் சூதாட்டத்தை 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம் கட்டுப்படுத்தியது. நகரத்துக்கு வெளியே உள்ள பகுதிகளுக்காக 1930இல் சூதாட்டச் சட்டம் இயற்றப்பட்டது. அப்போது வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த வட ஆர்க்காடு மாவட்டம் இந்த இரண்டாவது சட்டத்தின் கீழ் வந்தது. ஆம்பூரில் ஒரு வீட்டில் நடந்த சீட்டாட்டத்துக்கும் சென்னையில் ஒரு மன்றத்தில் நடந்த சீட்டாட்டத்துக்கும் பொருந்திய சட்டங்கள் வெவ்வேறு. உள்ளடக்கம் ஏறத்தாழ ஒன்றே.

இரு சட்டங்களும் பொதுச் சூதாட்ட இல்லம் நடத்துவதையும் அங்கே ஆடுவதையும் குற்றமாக்கின. இரண்டிலும் ஒரு விலக்கு இருந்தது. 1930 சட்டத்தின் 11ஆம் பிரிவு, வெறும் திறமையால் ஆடப்படும் விளையாட்டுகளுக்கு இந்தத் தண்டனைகள் பொருந்தா என்றது. பின்னர் எழுந்த வழக்குகள் பெரும்பாலும் இந்த விலக்கையே சுற்றி வந்தன. வாய்ப்பு சிறிதும் கலவாத விளையாட்டு அரிது. அப்படியானால் 'வெறும் திறமை' என்பதற்கு என்ன பொருள்?

நீதிமன்றங்களின் விடை

முதல் தெளிவு சீட்டிலிருந்து வரவில்லை. குறுக்கெழுத்துப் போட்டியிலிருந்து வந்தது. ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா வழக்குகளில் 1957இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வெற்றி பெருமளவு திறமையைச் சார்ந்திருக்கும் போட்டிகள் சூதாட்டம் ஆகா, அவற்றை நடத்துவது அரசமைப்பு காக்கும் தொழிலே என்று கூறியது.

1967 நவம்பரில் சத்தியநாராயணா வழக்கில் ரம்மி நேரடியாக நீதிமன்றத்தின் முன் வந்தது. செகந்திராபாத்தில் இருந்த ஒரு மனமகிழ் மன்றத்தில் காவல்துறை நடத்திய சோதனையிலிருந்து எழுந்த வழக்கு அது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதற்கும், வைத்தும் கழித்தும் கையைச் சேர்த்துக் கட்டுவதற்கும் கணிசமான திறமை வேண்டும் என்று நீதிமன்றம் கண்டது. சீட்டைக் கலைத்துப் போடுவதில் வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அந்த அளவு வாய்ப்பு பிரிட்ஜ் ஆட்டத்திலும் இருக்கிறது என்றது. மூன்று சீட்டு ஆட்டத்தைப் போன்றதன்று ரம்மி என்பது முடிவு. அதே தீர்ப்பு ஓர் எச்சரிக்கையையும் வைத்தது: பணயம் வைத்து ஆடப்படும் ஆட்டத்திலிருந்து மன்றத்தை நடத்துபவர் ஆதாயம் அடைந்தால் அது குற்றமாகலாம். பிற்காலத்தில் முதல் பகுதியே அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது.

மூன்றாவது தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்தே சென்றது. சென்னைக் குதிரைப் பந்தய மன்றத்தைக் கையகப்படுத்த 1986இல் இயற்றப்பட்ட சட்டத்தை எதிர்த்த கே.ஆர். லட்சுமணன் வழக்கில் 1996 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. 1888, 1930 சட்டங்களில் உள்ள 'வெறும் திறமை' என்ற தொடருக்குப் 'பெரும்பாலும் திறமை' என்றே பொருள் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது.

ஆயினும் பணம் வைத்து ஆடும் ரம்மி பற்றிய ஐயம் தீரவில்லை. சென்னை மன்றம் ஒன்றைப் பற்றிய வழக்கில், பணயம் வைத்து ஆடினால் ரம்மியும் குற்றமே என்று 2012இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு கூறியது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. மூல மனு 2015இல் திரும்பப் பெறப்பட்டதால் இறுதி விடை கிடைக்கவில்லை.

கட்டையே ஆடுபவர் அமைத்தால்

இதே கேள்வியை உலகின் வேறொரு மூலையில் சீட்டு விளையாட்டு ஒன்று வேறு வகையில் எதிர்கொண்டது. கணிதம் பயின்ற ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்த 'மேஜிக்: தி கேதரிங்' 1993இல் அமெரிக்காவில் வெளிவந்தது. இதில் பொதுக் கட்டு கிடையாது. பல்லாயிரம் சீட்டுகளிலிருந்து ஒவ்வொருவரும் தம் கட்டைத் தாமே அமைத்து வருகின்றனர். போட்டி விதிப்படி கட்டில் குறைந்தது 60 சீட்டுகள் இருக்க வேண்டும். அடிப்படை நிலச் சீட்டுகள் தவிர, ஒரே சீட்டு நான்குக்கு மேல் இருக்கக் கூடாது. 1996இல் ஜப்பானில் வந்த போக்கிமான் சீட்டாட்டமும் 60 சீட்டு, நான்கு படி என்ற அளவையே கொண்டது.

வாய்ப்பு இங்கும் உண்டு. ஆனால் அதை ஆடுபவர் முன்கூட்டியே கணக்கிட முடியும். 60 சீட்டுக் கட்டில் ஒரு சீட்டு நான்கு படி இருந்தால், முதலில் எடுக்கும் ஏழு சீட்டுகளில் அது ஒன்றேனும் வர ஏறத்தாழ 40 விழுக்காடு வாய்ப்பு உண்டு. கட்டை 80 சீட்டாகப் பெருக்கினால் அது 31 விழுக்காடாகக் குறைகிறது. போட்டியாளர்கள் பிடித்த சீட்டுகளையெல்லாம் சேர்க்காமல் 60உடன் நிறுத்துவது இதனால்தான். ஆற்றல் தரும் நிலச் சீட்டுகள் குறைந்தால் கையிலுள்ள வலிய சீட்டுகளை இறக்க முடியாது; கூடினால் இறக்க ஒன்றும் இராது. 60இல் 24 நிலம் என்பது பரவலான தொடக்க அளவு. அப்போது முதல் ஏழில் சராசரியாக மூன்றுக்குச் சற்றுக் குறைவாக நிலம் கிடைக்கும். ரம்மியில் திறமை சீட்டைப் போட்ட பிறகு தொடங்குகிறது; இங்கே சீட்டைக் கலைப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

இவ்வளவு திறமை கலந்த இந்த ஆட்டத்தின் முதல் விதிகளிலும் பணயம் இருந்தது. ஒவ்வொருவர் கட்டிலிருந்தும் ஒரு சீட்டைத் தனியே வைத்து, வென்றவர் இரண்டையும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் அது. சீட்டுக்குச் சந்தை விலை இருந்ததால் இது சூதாட்டச் சட்டங்களோடு உரசியது. ஆடுபவர்களும் தம் சீட்டை இழக்க விரும்பவில்லை. போட்டிகளில் பணயச் சீட்டுகள் தடை செய்யப்பட்டன. 1995க்குப் பிறகு அத்தகைய சீட்டுகள் புதிதாக அச்சாகவில்லை. பணயம் நீங்கிய பிறகும் ஆட்டம் குறையவில்லை. அதன் திறமையை ஆடுபவர்கள் பணயமின்றியே நாடினர்.

கைப்பேசிக்கு வந்த ரம்மி

தமிழ்நாட்டில் நடந்தது இதற்கு நேர் எதிரானது. திறமை என்ற சொல்லின் காப்பில் பணயம் வளர்ந்தது. மன்றத்தில் ஆட மேசையும் ஆட்களும் வேண்டும். இரவில் கதவு மூடப்படும். கைப்பேசியில் இவை எதுவும் தேவையில்லை. வாரக் கூலி பெறும் தோல் பதனிடுவோருக்கும் காலணித் தொழிற்சாலைப் பெண்களுக்கும் ஊதியம் வரும் அதே கருவியில் ரம்மி மேசையும் இருந்தது. பணம் இழந்தவர்களின் தற்கொலைகள் மாநிலம் முழுவதும் செய்தியாயின.

2020 நவம்பரில் அவசரச் சட்டமும், 2021இல் சட்டத் திருத்தமும் வந்தன. பணயம் வைத்தால் திறமை விளையாட்டுக்கும் விலக்கு இல்லை என்றது திருத்தம். 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை அளவு மீறிய தடை என்று நீக்கியது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் 2022 அக்டோபரில் புதிய சட்ட முன்வடிவு நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்பவே 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றப்பட்டு, ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. 2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் அச்சட்டத்தைப் பொதுவாக ஏற்றாலும், ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு விளையாட்டுகள் என்று பட்டியலிட்டதை ஏற்கவில்லை. வயது, நேரக் கட்டுப்பாடு விதிக்க அரசுக்கு வழி விட்டது. அவ்வழியே 2025 பிப்ரவரியில், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக் கூடாது என்ற விதி வந்தது. ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

கேள்வியின் முடிவு

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் பழைய கேள்வியையே ஒதுக்கி வைத்தது. திறமையானாலும் வாய்ப்பானாலும், பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் இணைய விளையாட்டு தடைக்கு உரியது என்றது. பணயமற்ற மின்விளையாட்டுப் போட்டிகளைத் தனி இனமாக அங்கீகரித்தது.

ரம்மிக்குத் திறமை வேண்டும் என்ற 1967 தீர்ப்பின் கூற்று இன்றும் மறுக்கப்படவில்லை. ஆனால் ஆட்டத்தில் திறமை இருக்கிறது என்பதும், ஆடுபவர் ஒவ்வொருவரிடமும் அது இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. திறமை மிகுந்த ஆட்டத்தில் திறமை குறைந்தவர் தொடர்ந்து தோற்பார். வாய்ப்பு ஆட்டத்திலாவது அவருக்கு எப்போதாவது சீட்டு விழும். ஆட்டத்தை அளந்த சட்டம் ஆடுபவரின் வீட்டை அளக்க அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. மேசை நடத்துபவரின் ஆதாயத்தைப் பார்க்கச் சொன்ன அந்தப் பழைய எச்சரிக்கை, தீர்ப்பின் அதே பக்கங்களில் அதுவரை இருந்துகொண்டுதான் இருந்தது.