கூடத்துத் தரையில் ஒரு ரயில் பாதை

அரையாண்டுப் பரீட்சை லீவு விட்டால் பேரன் உத்தமபாளையம் வந்துவிடுவான். போன டிசம்பரில் அவன் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் பெங்களூரிலிருந்து மகன் போன் செய்தான்.

"அப்பா, பொம்மை ரயில் வாங்கப் போறேன். தாத்தா வீட்டுக் கூடத்துலதான் ஓட்டணும்கிறான். கடையில எந்த டிராக் வேணும்னு கேக்குறாங்க. நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

எந்த எஞ்சின் என்று கேட்காமல் எந்த டிராக் என்று கேட்கிறாரே கடைக்காரர் என்று நினைத்தேன். பத்து நாள் ஓடிவிட்டுப் பெட்டிக்குள் போகிற சாமான்தானே! ஓய்வுபெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? படிக்க உட்கார்ந்தேன். கடைக்காரர் கேட்டதுதான் சரி என்று தெரிந்தது.

பொம்மை ரயில் வந்த புதிதில் ஒவ்வொருவரும் தங்களுக்குத் தோன்றிய அகலத்தில் செய்தார்கள். ஒருவர் எஞ்சின் இன்னொருவர் தடத்தில் ஓடாது. ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1891-ல் லைப்சிக் சந்தையில் இதற்கு ஒரு வழி காட்டியது. அகலங்களுக்கு எண் கொடுத்து, துண்டு துண்டாகக் கோத்து எட்டு வடிவில்கூடப் போடக்கூடிய தடத்தை வைத்தது. ஒரு தடம் வாங்கிவிட்டால் வருஷா வருஷம் அதற்கேற்ற எஞ்சினும் பெட்டியும் சேர்த்துக்கொண்டே போகலாம். பண்டிகை நாளில் தரையில் போட்டு, முடிந்ததும் கழற்றி வைக்கிற வசதியும் இந்தத் துண்டுத் தடத்தில் இருந்தது.

இன்று அதிகம் கிடைப்பது 16.5 மில்லிமீட்டர் தடம். நிஜ ரயிலை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கியது. உலகில் பல நாடுகளில் உள்ள 1435 மில்லிமீட்டர் பாதையின் கணக்கு அது. நம் அகலப் பாதை 1676. அதே விகிதத்தில் சுருக்கினால் 19-க்கு மேல் வரவேண்டும். ஆனாலும் இந்திய எஞ்சின் மாதிரிகளையும் 16.5-லேயே ஓட்டுகிறார்கள்.

இன்னொன்று 45 மில்லிமீட்டர். 1968-ல் எல்.ஜி.பி. என்ற ஜெர்மன் பெயரில் வந்தது. விகிதம் 22.5. காகிதத்தில் பெருக்கிப் பார்த்தேன்: 1012. அதாவது மீட்டர் கேஜ்! எங்கள் பழைய போடி ரயிலின் அகலம். மனசு உடனே அதில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆனால் அதன் மிகச் சின்ன வட்டமே நாலடிக்கு மேல் இடம் கேட்கும். கூடத்தின் நடுவில் ஊஞ்சல். ராத்திரி ஆறு பேர் பாய் விரிக்க வேண்டும். 16.5-க்கு இரண்டரை அடி போதும். அதிலும் இரண்டு வகை உண்டு. வெறும் தடம் பலகையில் ஆணியடித்துப் பதிக்கத்தான் ஏற்றது. தரையில் போட்டால் கால் பட்டதும் மூட்டு விலகும், மின்சாரம் அறுந்து ரயில் நிற்கும். தலைமுடியும் தூசியும் எஞ்சின் பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். ஜல்லி மேடு போன்ற பிளாஸ்டிக் அடித்தளத்தோடு வருகிற தடம் 'டக்'கென்று கோத்துக்கொள்ளும், தரையிலிருந்து சற்று உயர்ந்தும் நிற்கும். "அதையே வாங்கு" என்றேன்.

தடத்தைக் கழற்றி வைப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. மதுரையிலிருந்து போடிக்கு 1928-ல் மீட்டர் கேஜ் ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். மறுபடி போட்டது 1950-களில்தான். அப்பா போடியில் ஏலக்காய் மண்டியில் கணக்கு எழுதினார். என்னை அங்கே கூட்டிப்போனபோதுதான் முதன்முதலில் ரயிலைப் பார்த்தேன். புகையைப் பார்த்துப் பயந்து அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

2010 டிசம்பர் 31-ல் அகலப் பாதையாக மாற்றுவதற்காக அந்த ரயிலை நிறுத்தினார்கள். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் ஒரு குறையுமில்லை. தடம் மாறினால் அவற்றுக்கு வேலையில்லை, அவ்வளவுதான். தேனிக்கு மறுபடி ரயில் வர 2022 மே மாதம் ஆயிற்று. போடிக்கு 2023 ஜூன். தண்டவாளமில்லாத அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடமே போய்விட்டார்கள். கடைக்காரரின் கேள்வி எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் உறைத்தது.

பேரன் வந்தான். தடம் கோத்தோம். ஸ்டேஷன் பெயர்களை அட்டையில் எழுதச் சொன்னான். மதுரை, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, போடி என்று எழுதி வைத்தேன்.

"தாத்தா, நம்ம ஊரு ஸ்டேஷன் எங்க?"

"நம்ம ஊருக்கு ரயில் இல்லடா தங்கம்."

"ஏன்?"

என்ன சொல்வது? திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாக லோயர் கேம்ப் வரை ரயில் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு எங்கள் தலைமுறைக்கே முடி நரைத்துவிட்டது. அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பெட்டியில் மிச்சமிருந்த நேர்த் துண்டுகளை எடுத்து, வட்டத்தை ஊஞ்சலுக்கு அடியில் நீட்டினான். இன்னொரு அட்டையில் 'உத்தமபாளையம்' என்று அவனே எழுதி வைத்தான்.

அந்த ஸ்டேஷனில் எட்டு நாள் ரயில் நின்று போனது. ஜனவரி 2-ம் தேதி தடத்தைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கினோம். அந்த அட்டையை மட்டும் அலமாரியில் எடுத்து வைத்திருக்கிறேன்.